உச்சியில் படுத்திருந்த கோடு

போன மாதம் எங்கள் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்துக்குப் புது மெஷின் வந்தது. கேக் வெட்டினார்கள். ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிற எங்களையும் மறக்காமல் கூப்பிட்டிருந்தார்கள். ஒரு சுவரை முழுக்கப் பிடித்துக்கொண்டு நிற்கிற சாமான் அது. இரத்தக் குழாயை இந்தப் பக்கம் வைத்தால் அந்தப் பக்கம் விடைகள் அச்சாகி வருகின்றன. எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். தட்டி முடிந்ததும் அங்கே பொறுப்பாக இருக்கும் பிள்ளையிடம், "இதில கோட்டப் பாக்கிறதுக்கு எங்க அமத்துற?" என்று கேட்டேன்.

"என்ன கோடு மிஸ்?"

"நொதியம் வேல செய்யிற கோடு. நேரம் போகப் போக எப்பிடி ஏறுது எண்டு காட்டுமே, அது."

மூன்று பேர் சேர்ந்து திரையில் தேடினார்கள். கடைசியில் ஒரு பொத்தானுக்குள் இன்னொரு பொத்தான், அதற்குள் இன்னொன்று என்று போய் அகப்பட்டது. "இத ஒருத்தரும் பாக்கிறல்ல மிஸ். விடை வருகுதுதானே" என்றாள் அந்தப் பிள்ளை. பக்கத்தில் நின்ற இன்னொருத்தி சிரித்துக்கொண்டு, "நீங்க அந்தக் காலத்தில ஒவ்வொரு ஆளுக்கும் கையால கோடு கீறின எண்டு சொல்றாங்க, மெய்யா மிஸ்?" என்று கேட்டாள்.

மெய்தான். அதனால் ஓர் ஆள் உயிரோடு இருக்கிறார் என்பதும் மெய். கையில் கேக்கை வைத்துக்கொண்டு அந்தக் கதையைச் சொல்ல முடியாது, அதனால் எழுதுகிறேன். பெருமையடிக்கிறாள் என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைக்கலாம். பெருமையடிக்கத்தான் எழுதுகிறேன்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கல்முனைக்குடியிலிருந்து போன பெண்ணுக்குக் கொழும்பில் ஒரு விடுதி, தினமும் பாணும் பருப்பும், ஓயாத மழை, பரீட்சை. ஆனால் ஒரு பின்னேரச் செய்முறை வகுப்பு மட்டும் மனதில் ஆணி அடித்தது போல நிற்கிறது. நொதியத்தின் வேகத்தை வரைபில் பிடிக்கிற வகுப்பு அது.

நொதியம் என்பது உடம்புக்குள் இருக்கிற வேலையாள். ஒரு பொருளை இன்னொரு பொருளாக மாற்றுவது அதன் தொழில். மாற்றப்படுகிற பொருளைப் பாடப்புத்தகம் கீழ்ப்படை என்று சொல்லும். நான் தீனி என்றே சொல்லிக்கொள்வேன். தீனி கூடக் கூட வேலையின் வேகம் கூடும். ஒரு கட்டத்துக்கு மேல் கூடாது, கோடு வளைந்து மட்டமாகிவிடும். அந்த வளைகோட்டின் உச்சி எங்கே என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்காக இரண்டு அச்சையும் தலைகீழாக்குவார்கள். ஒன்று என்ற எண்ணைத் தீனியின் அளவால் வகுத்து ஓர் அச்சில் போட வேண்டும், ஒன்றை வேகத்தால் வகுத்து மற்ற அச்சில் போட வேண்டும். வளைகோடு நேர்கோடாக எழுந்து நிற்கும். அது அச்சை வெட்டுகிற இடத்தில் உச்ச வேகம் கைக்கு அகப்படும். முதன்முதல் அந்தக் கோடு நேராக விழுந்தபோது நான் வகுப்பில் "யா அல்லாஹ்!" என்று கத்திவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த முறையில் ஒரு கள்ளமும் இருக்கிறது. தீனி மிகக் குறைவாக உள்ள புள்ளிகளைத்தான் சரியாக அளப்பது கஷ்டம். தலைகீழாக்கியதும் அந்தப் புள்ளிகளே தூரத்தில் போய் நின்றுகொண்டு முழுக் கோட்டையும் தங்கள் பக்கம் இழுக்கும். பார்ப்பதற்கு அழகான நேர்கோடாக இருக்கும், விடை பிழையாக இருக்கும். அதற்குப் பிறகு எந்தக் கோட்டையும் நம்புவதற்கு முன் அது எங்கிருந்து கிளம்பி வந்தது என்று பார்க்கிற பழக்கம் எனக்கு ஒட்டிக்கொண்டது.

ஆஸ்பத்திரியில் யாரும் தலைகீழ் வரைபு கேட்பதில்லை. அங்கே வேலை இன்னும் எளிது. நோயாளியின் சீரத்தை எடுத்து, தீனி கலந்த சோதனை மருந்தோடு சேர்த்து, சின்னக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி மெஷினுக்குள் வைக்க வேண்டும். நொதியம் வேலை செய்யச் செய்ய அந்தக் கலவை ஒளியைக் கூடக் கூட உறிஞ்சும். உறிஞ்சல் ஏறுகிற படித்திறன்தான் நொதியத்தின் அளவு. செங்குத்தாக ஏறினால் நொதியம் அதிகம், ஆறுதலாக ஏறினால் குறைவு.

எங்களிடம் இருந்த பழைய மெஷினுக்கு ஒரு வழக்கம் இருந்தது. கலந்தவுடன் அளக்காது. கலவை நிதானத்துக்கு வரட்டும் என்று சில நிமிடம் கண்ணை மூடிக்கொண்டிருக்கும். பிறகு கண்ணைத் திறந்து, அடுத்த சில நிமிடத்தின் ஏற்றத்தை மட்டும் அளந்து, ஓர் எண்ணைத் துப்பும். அது பிழையான ஏற்பாடு அல்ல. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்கு அதுதான் சரி. ஆனால் நான் மெஷின் கண்ணை மூடியிருக்கிற நேரத்திலும் திரையில் ஓடுகிற எண்களை எழுதி, வரைபுத்தாளில் புள்ளி வைப்பேன். அதற்காக எனக்குக் 'கோட்டுக்காரி' என்று பட்டம் வைத்திருந்தார்கள். வைத்தவர் எங்கள் பொறுப்பாளர் புஷ்பராணி அக்கா.

அக்காவைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. கல்முனை மெதடிஸ்த கிறிஸ்தவக் குடும்பம். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். காதுக்கு மேலே எந்நேரமும் ஒரு பென்சில் செருகியிருக்கும். கோபம் வந்தால் குரல் உயராது, இறங்கும். அவர் மெதுவாகக் கதைக்கத் தொடங்கினால் நாங்கள் எல்லோரும் குனிந்துகொண்டு வேலை செய்வோம். அந்த மெஷினை எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர அவர் எத்தனை வாசல் ஏறி இறங்கினார் என்று எங்களுக்குத் தெரியும். காலையில் வந்ததும் தன் லேஞ்சியால் அதன் கண்ணாடியைத் துடைப்பார், வேறு யாரையும் துடைக்க விடமாட்டார். அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. சந்தேகமான விடை வந்தால் மூன்று தரம் செய்ய வேண்டும். மூன்றும் ஒத்துப்போனால் கையெழுத்து. அதற்குப் பிறகு அந்த விடையைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது.

ஒரு நாள் நான் ளுஹர் தொழுதுவிட்டு ஆய்வுகூடத்துக்குத் திரும்பி வந்தபோது, யன்னலடியில் ஒரு பெண் நின்றாள். பெயர் றிஸ்வானா. அவளுடைய புருஷன் நிஸ்தார் கரைவலை இழுக்கிறவர். முதல் நாள் வலை இழுத்துவிட்டு வந்து, உடம்பெல்லாம் அடித்துப்போட்டது போல நோகுது என்று எங்கள் ஆஸ்பத்திரி வாட்டில் படுத்திருந்தார். தசை நொந்ததா, நொறுங்கியதா என்று பார்க்க வாட்டு டொக்டர் இரத்தம் அனுப்பியிருந்தார். தசை நொறுங்கினால் ஒரு நொதியம் இரத்தத்தில் வழியும். அதை நாங்கள் சி.கே. என்போம். விடை வந்துவிட்டது, மிகக் குறைவு, சாதாரணம்தான் என்று அக்கா டெலிபோனில் சொல்லிவிட்டார். சீட்டை வாங்கிப் போகத்தான் றிஸ்வானா வந்திருந்தாள்.

"மிஸ், ஒண்டுமில்ல, வீட்ட போங்க எண்டு டிக்கட் வெட்டுறாங்க" என்றாள். "ஆனா அவருக்குக் கழுத்தத் தூக்கேலா மிஸ். வாய் திறந்து சோறு தின்னேலா. ஒண்டுக்குப் போனா கோப்பி மாதிரிப் போகுது. ஒண்டுமில்லாத ஆளுக்கு ஏன் மிஸ் இப்பிடி?"

தசை நொறுங்கினால் அதன் சாயம் சிறுநீரில் வரும், கோப்பி நிறத்தில். அந்தச் சாயம் அடைத்துக்கொண்டால் கிட்னி இரண்டும் போய்விடும். அப்படிப்பட்ட ஆளை வீட்டுக்கு அனுப்புவதும் மையவாடிக்கு அனுப்புவதும் ஒன்றுதான். ஆனால் சி.கே. சாதாரணம் என்கிறதே.

"ஒள்ளுப்பம் நில்லுங்க புள்ள" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

"அக்கா, அந்த சி.கே.ய இன்னொருக்காப் பாக்கவா?"

"மூண்டு தரம் நானே பாத்தன் ஜெசீமா. மூண்டும் ஒண்டுதான்."

"கோடு?"

அக்காவின் குரல் இறங்கியது. "உங்கட கோட்டுக்கு மருந்து எங்க? போத்தலுக்க கிடக்கிறதே கொஞ்சம். அதையும் இதுக்கு ஊத்திப்போட்டு, நாளைக்கு நெஞ்சுவலி எண்டு ஒரு ஆள் வந்தா நான் என்னத்த வச்சுப் பாக்கிற?"

அவர் சொன்னதில் பிழை இல்லை. மாரடைப்பைப் பிடிக்கவும் அப்போது எங்களிடம் அந்தச் சோதனைதான் இருந்தது, புது மருந்து எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. நியாயம் அவர் பக்கம் என்று தெரிந்தும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கோபம் வந்தால் என் கை சும்மா இருக்காது. கழுவுகிற இடத்துக்குப் போய்க் குவளைகளை ஒதுக்கத் தொடங்கினேன். அங்கே நிஸ்தாரின் மூன்று குவளைகளும் கழுவாமல் அப்படியே நின்றன. அவற்றுக்குப் பக்கத்தில், காலையில் பார்த்த இன்னொரு நோயாளியின் குவளையும் நின்றது.

செய்து முடிந்த கலவையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. விடை வந்த பிறகு அது கழிவு. நான் அந்தக் கழிவை எடுத்து மெஷினுக்குள் வைத்தேன். மருந்தில் ஒரு துளிகூடச் செலவில்லை.

காலை நோயாளியின் கலவை இன்னும் ஊர்ந்து ஊர்ந்து ஏறிக்கொண்டிருந்தது. உள்ளே தீனி மிச்சம் இருக்கிறது, வேலை நடக்கிறது. நிஸ்தாரின் குவளையை வைத்தேன். எண் அசையவில்லை. செத்தது போல நின்றது. ஆனால் நின்ற இடம் மிக உயரம். இரண்டாவது குவளை, அதே உயரம். மூன்றாவது, அதே உயரம்.

வரைபுத்தாளை இழுத்து வெறும் மருந்தின் உறிஞ்சலைக் கீழே ஒரு புள்ளியாக வைத்தேன். நிஸ்தாரின் கோட்டை மேலே, தாளின் விளிம்போடு ஒட்டிக் கீறினேன். தாளோடு அக்காவின் மேசைக்குப் போனேன்.

"அக்கா, ஒரு கேள்வி மட்டும். கோடு மட்டமாக் கிடந்தா என்ன கருத்து?"

"நொதியம் இல்ல எண்டு கருத்து."

"அல்லாட்டி?"

அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"அல்லாட்டி தீனி முடிஞ்சி" என்றேன். "வேலையாள் இல்லாட்டி கோடு கீழ கிடக்கோணும். இது உச்சியில படுத்திருக்கு. கீழ இருந்து மேல எப்பிடிப் போன? எப்ப போன?"

அவர் காதிலிருந்த பென்சிலை எடுத்தார். கீழே இருந்த புள்ளியில் அதன் நுனியை வைத்தார், மெதுவாக மேலே இருந்த கோட்டுக்கு நகர்த்தினார். நடுவில் வெறுமையாகக் கிடந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மெஷின் கண்ணை மூடிக்கொண்டிருந்த நிமிடங்கள் அவை. நிஸ்தாரின் இரத்தத்தில் நொதியம் அவ்வளவு அதிகம். மெஷின் கண்ணைத் திறக்குமுன் இருந்த தீனி முழுவதையும் தின்று முடித்துவிட்டது. திறந்து பார்த்த மெஷினுக்கு ஒன்றும் அசையாமல் கிடந்தது. குறைவு என்று எழுதிவிட்டது.

"மூண்டு தரமும் ஒரே மாதிரி ஏமாந்திருக்கிறன்" என்றார் அக்கா. அவர் குரலில் வெட்கமோ கோபமோ இல்லை, அவசரம்தான் இருந்தது. "மருந்த எடுங்க."

"நாளைக்கு நெஞ்சுவலி ஆள்?"

"நாளைக்கு வாற ஆளுக்கு நாளைக்கு மட்டக்களப்புக்கு அடிச்சுக் கேப்பம். இவர் இண்டைக்கு வந்திருக்கிறார். எடுங்க கெதியா."

சீரத்தைப் பத்து மடங்கு சேலைனில் ஐதாக்கினோம். நான் எண்களை வாசிக்க, அக்கா புள்ளி வைத்தார். கலந்ததுமே கோடு செங்குத்தாகக் கிளம்பியது, பாதியில் வளைந்து மட்டமானது. ஆனால் மெஷின் கொடுத்த எண் முன்னையதைவிடப் பெரிது! தண்ணீர் சேர்க்கச் சேர்க்கச் சரக்குக் கூடுகிறது. பால்காரன் கேட்டால் சந்தோஷத்தில் மயங்கி விழுந்திருப்பான். நான் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை, "இன்னும் பத்து மடங்கு" என்றார்.

அடுத்ததை வைத்தோம். முதல் புள்ளி, இரண்டாவது, மூன்றாவது. அக்கா கோடு கீறுகிற அடிமட்டத்தை எடுத்துத் தாளில் வைத்தார். புள்ளிகள் ஒவ்வொன்றாக வந்து அடிமட்டத்தின் ஓரத்தில் உட்கார்ந்தன. மெஷின் கண்ணைத் திறந்த பிறகும் வளையவில்லை. கடைசிப் புள்ளி வரைக்கும் ஒரே நேர்கோடு. கொழும்பில் கத்தின மாதிரியே இங்கேயும் கத்தினேன், இந்தத் தரம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. படித்திறனை எடுத்து, ஐதாக்கிய மடங்கால் பெருக்கி, அக்கா எண்ணை எழுதினார். எழுதிவிட்டுச் சைபர்களைப் பென்சிலால் தொட்டுத் தொட்டு மறுபடி எண்ணினார். அவ்வளவு பெரிய சி.கே.யை அதற்கு முன் நாங்கள் இருவரும் கண்டதில்லை.

டெலிபோன் எடுத்தார், வாட்டில் யாரும் தூக்கவில்லை. அடுத்த கணம் புஷ்பராணி அக்கா ஓடினார். சேலையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, நடைபாதையில் நின்றவர்களை விலக்கிக்கொண்டு ஓடினார். வரைபுத்தாளோடு நான் பின்னால், என் பின்னால் றிஸ்வானா. ஏன் ஓடுகிறோம் என்று அவளுக்குத் தெரியாது, ஆனாலும் ஓடி வந்தாள்.

வாட்டில் நிஸ்தார் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். சாரனை உதறிக் கட்டி, வீட்டுக்குப் போக ஆயத்தம். கீழே கிடக்கிற செருப்பைப் பார்க்க அவருக்குக் கழுத்து வளையவில்லை. காலால் துழாவிக்கொண்டிருந்தார். அக்கா மூச்சிரைக்க, "டிக்கட்ட நிப்பாட்டுங்க டொக்டர், நான் சொன்ன விடை பிழை" என்றார். நான் தாளை நீட்டினேன். வயது குறைந்த மனிதர் அந்த டொக்டர், ஆனால் கெட்டிக்காரர். மட்டமாகக் கிடந்த கோட்டையும் ஏறிப்போன கோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். விளக்கம் பாதியில் இருக்கும்போதே நிஸ்தார் பக்கம் திரும்பிவிட்டார்.

"முள்ளுக் குத்தின எண்டுதானே நேத்துச் சொன்னீங்க?"

"ஓம் டொக்டர். கெழுத்தி முள்ளு. கையில." வாய் சரியாகத் திறக்காமல் பல்லுக்குள்ளால் கதைத்தார்.

"வலைக்குள்ள வேற என்ன கிடந்த?"

"மீன்தான். கணவாய் கொஞ்சம். பாம்பு ரெண்டு மூண்டு."

"பாம்பா?"

"கடல்பாம்பு டொக்டர். அது எப்பவும் கிடக்கிறதானே. வால்ல புடிச்சி எறிஞ்சிட்டு வேலயப் பாக்கிற."

அதை அவர் சொன்ன விதம் இன்னும் காதில் இருக்கிறது. வலையின் மடியைக் கொட்டும்போது பாம்பை எடுத்து எறிவது அவர்களுக்கு மணலை உதறுவது மாதிரி, சொல்லவேண்டிய விஷயமே இல்லை. கெழுத்தி முள் குத்தினால் உயிர் போகிற வலி. கடற்பாம்பின் நஞ்சு தசையையே நொறுக்கும், ஆனால் கடிக்கும்போது பல பேருக்கு வலியே தெரியாது. வலித்ததை அவர் சொல்லியிருந்தார். வலிக்காதது கணுக்காலுக்குப் பின்னால் இருந்தது. ஊசி தொட்டது போல இரண்டு புள்ளிகளை டொக்டர் குனிந்து தேடி எடுத்தார்.

டிக்கட்டைக் கிழித்தார்கள். இரண்டு கையிலும் சேலைன் ஏறியது. கிட்னி மெஷின் இருக்கிற மட்டக்களப்புக்குக் கொண்டுபோக அம்புலன்ஸ் வாசலில் ஆயத்தமாக நின்றது. சிறுநீர் குறைந்தால் உடனே புறப்பட வேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். அன்று முழுவதும் அந்த அம்புலன்ஸ் கிளம்புகிற சத்தம் கேட்டுவிடக் கூடாது என்று துஆ கேட்டுக்கொண்டே வேலை செய்தேன். அந்தச் சத்தம் வரவே இல்லை. மறுநாள் அக்கா சொன்னபடி டெலிபோன் அடித்து மட்டக்களப்பிலிருந்து மருந்து எடுப்பித்தார். தினமும் நிஸ்தாரின் இரத்தத்தை ஐதாக்கி அளந்தோம், எண் தினமும் இறங்கியது. அந்த நாட்களின் வரைபு எல்லாவற்றையும் கீறியது அக்காதான். எனக்குப் பென்சில் தரவே இல்லை. கோடு பார்க்காமல் இனி ஒரு நொதிய விடையும் இந்த யன்னலைத் தாண்டிப் போகக் கூடாது என்று புதிதாக ஒரு சட்டமும் போட்டார். மூன்று தரம் என்ற சட்டம் அன்றோடு போனது.

பிறகு ஒரு காலை, யன்னலில் யாரோ தட்டினார்கள். றிஸ்வானா. கையில் ஒரு கண்ணாடிப் போத்தல். அதைத் தலைக்கு மேலே, வெயில் படுகிற மாதிரி உயர்த்திப் பிடித்திருந்தாள். நடைபாதையில் போனவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள்.

"என்ன புள்ள, டெஸ்ட் பண்ணவா?" என்றேன்.

"இல்ல மிஸ்! டெஸ்ட் ஒண்டும் வேணாம். டொக்டர் கிட்னிக்கு ஒண்டுமில்லண்டிட்டார். உங்களுக்குக் காட்டத்தான் கொண்டுவந்த. பாருங்களன், கிணத்துத் தண்ணி மாதிரிப் போகுது!"

அந்தப் போத்தலைக் கையில் வாங்கினேன். இள மஞ்சளாக, அடியில் ஒரு தூசி இல்லாமல், அந்தப் பக்கம் நிற்கிறவர்களின் முகம் தெரிகிற அளவுக்குத் தெளிவாக இருந்தது. ஆய்வுகூடத்தில் இருந்த எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு வந்து கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தோம். வாழ்நாளெல்லாம் சிறுநீர்ப் போத்தல் தொட்ட கைகள்தான் எங்களுடையவை, ஆனால் அன்றைக்கு யாருக்கும் அதைக் கீழே வைக்க மனம் வரவில்லை. றிஸ்வானா யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். எங்கள் வாயெல்லாம் ஒரே நேரத்தில் அல்ஹம்துலில்லாஹ் என்றன. ஸ்தோத்திரம் என்று சொல்ல வாய் திறந்த புஷ்பராணி அக்கா, போத்தலை வெயிலுக்கு நேரே பிடித்துக்கொண்டு, எங்கள் எல்லோரையும்விடச் சத்தமாக அல்ஹம்துலில்லாஹ் என்றார்.